இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு மாதர் சங்கம்: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

நானும் கணவரும் நோர்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் கடை நடத்துகிறோம். ஊரில் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம். இதே போலத் தனித்தனி ஊர்களில் கடையும் பெட்ரோல் நிலையமும் வைத்திருக்கும் நம்மவர் வீடுகள் இந்நாட்டில் நிறைய உண்டு. அந்த வீடுகளிலிருந்து பெண்கள் என்னிடம் தொலைபேசியிலும் கோவில் திருவிழாக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

டபிள்யூ.ஐ., டபிள்யூ.ஐ. என்கிறார்களே, அது என்ன?

விமென்ஸ் இன்ஸ்டிடியூட் என்பதன் சுருக்கம். ஊரில் நாம் மாதர் சங்கம் என்று சொல்வதற்கு மிக நெருங்கிய உறவு. மாதம் ஒருமுறை ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரக்கணக்கான கிளைகள் உண்டு. மறைந்த எலிசபெத் இராணி 1943 முதல் எங்கள் மாவட்டத்தின் சாண்ட்ரிங்கம் கிளையில் உறுப்பினர். அரண்மனைப் பெண்ணும் மாட்டுப்பண்ணைப் பெண்ணும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்கிறார்கள்.

இது பழைய ஆங்கிலேய வழக்கமா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொடங்கியது கனடாவில். அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாயின் கைக்குழந்தை 1889இல் இறந்துபோனது. தூய்மையற்ற பாலே காரணம் என்று அவர் நம்பினார். பாலை எப்படிக் காப்பது, வீட்டை எப்படிச் சுத்தமாக வைப்பது என்பதெல்லாம் தாய்மாருக்குப் பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். விவசாயிகளுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்களின் மனைவிமாருக்கு ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. ஏர்லண்ட் லீ என்ற விவசாயி அந்தப் பேச்சைக் கேட்டு அவரைத் தங்கள் பகுதிக்கு அழைத்தார். 1897 பெப்ரவரி 19 அன்று, ஒன்ராறியோவின் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில், கடும் பனிக்காலத்து இரவில் 101 பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மண்டபத்தில் இருந்த ஒரே ஆண் லீதான். சங்கத்தின் விதிகளை அவர் மனைவி ஜேனட் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினார்.

இங்கே அது வந்து சேர்ந்தது முதல் உலகப் போரின் நடுவில். ஆண்கள் போர்முனையில், உணவு தட்டுப்பாடு. கனடாவிலிருந்து வந்திருந்த மேட்ஜ் வாட் என்ற கைம்பெண் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1915 செப்டம்பரில் வேல்ஸின் ஆங்கில்சீ தீவில், இன்றைக்கும் நீளமான பெயருக்காகவே சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் லான்வைர்புல் கிராமத்தில், முதல் கிளை பிறந்தது.

அந்த ஆண்டில் இந்த நாட்டுப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதிக்கு 1918இல் கிடைத்தது, ஆண்களுக்குச் சமமாக 1928இல்தான். அதற்கு முன்பே இந்தச் சங்கங்களில் பெண்கள் இரகசிய வாக்கெடுப்பில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வீட்டு அம்மாவும் அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணும் ஆளுக்கொரு சீட்டை மடித்து ஒரே பெட்டியில் போட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

நமக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நம்மில் பலருக்கு அது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். மேரி இரட்ணம் என்ற மருத்துவர் கனடாவில் பிறந்தவர். 1896இல் இலங்கைக்கு வந்தார், ஒரு தமிழரை மணந்தார், அங்கேயே வாழ்ந்தார். தன் நாட்டில் பார்த்த கிராமப் பெண்கள் சங்கத்தை முன்மாதிரியாக வைத்து, 1930ஐ ஒட்டி, லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். சுகாதாரம், சமையல், தோட்டம், கைப்பணி என்று கிராமத்துப் பெண்களிடையே அது பரவியது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் என் அம்மாவின் மாதர் சங்கத்துக்கும் அந்தச் சமித்திக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா என்று நான் அவரிடம் கேட்டு வைக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் கண்ணுக்குள் நிற்கிறது. வாசிகசாலையில் காலையும் மாலையும் ஆண்கள்தான் இருப்பார்கள், பத்திரிகையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு. சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் அது பெண்களுக்கு. அம்மாவும் மாமிமாரும் பாயில் அமர்ந்து ஓலைப்பெட்டி இழைப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒருத்தி அந்த வாரத் தொடர்கதையை உரக்க வாசிக்க வேண்டும். பல வாரங்கள் அந்தப் பிள்ளை நான். கதையில் ஒரு பெண் அழும் இடம் வந்தால் ஓலை சரசரக்கும் ஒலி நின்றுவிடும்.

ஒரு மாதக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கிளை இரண்டாம் செவ்வாய் மாலை ஏழரை மணிக்குக் கூடுகிறது. வாசலில் ஒரு சிறு மேசை, வருகைப் பதிவேடு, அதிர்ஷ்டச் சீட்டு விற்கும் ஒரு அம்மா. முதலில் பாட்டு. பிறகு தலைவி பேசுவார்: யாருக்குப் பிறந்தநாள், யார் மருத்துவமனையில், அடுத்த மாதச் சுற்றுலாவுக்கு பஸ்ஸில் எத்தனை இடம் மீதி. செயலாளர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை முன்வைப்பார். பெரும்பாலும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்து விருந்தினர் உரை, முக்கால் மணி நேரம் அளவில். நான் கேட்டவற்றில் சில: தேனீ வளர்ப்பு, கடலில் கவிழ்ந்த படகுகளை மீட்பவர்களின் அனுபவம், மின்கட்டண மோசடிகளை அடையாளம் காண்பது, ஒரு முன்னாள் சிறைக் காவலரின் வாழ்க்கை, கோதுமை வைக்கோலில் பொம்மை பின்னுவது. உரை முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து நன்றியுரை சொல்ல வேண்டும். தேநீர், கேக். ஒரு மூலையில் சிறு போட்டி: ‘தோட்டத்தில் பூத்த ஒற்றைப் பூ’, ‘வீட்டிலிருக்கும் மிகப் பழைய கரண்டி’ என்பது போல. பூக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குடுவையில் நிறுத்தி எண் ஒட்டியிருப்பார்கள். ஆளுக்கொரு வாக்கு.

இந்த நன்றியுரையை மட்டும் சற்று நின்று பார்க்கச் சொல்வேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் அது ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போகும். வாழ்நாளில் நாற்பது பேர் முன் வாய் திறந்திராத பெண்ணுக்கு அதுதான் முதல் மேடை. என் முறை வந்தபோது நான்கு வரியை டெஸ்கோ ரசீதின் பின்புறத்தில் எழுதிவைத்திருந்தேன். கை நடுங்கியதில் ரசீது சலசலத்தது. முன்வரிசை அம்மா ஒருவர் தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நான்கு வரியும் சொல்லி முடித்தேன். அன்றிரவு கடைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தும் எனக்குக் கணக்கு ஓடவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

ஜாம் காய்ச்சுகிறவர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

காய்ச்சினார்கள், அது பெருமைக்குரிய செயல். இரண்டாம் உலகப் போரில் சீனி பங்கீட்டில்தான் கிடைத்தது. தோட்டங்களில் பழம் அழுகாமல் இருக்க அரசு இந்தச் சங்கங்களுக்குச் சீனி ஒதுக்கியது. பள்ளிக்கூடச் சமையலறை, மாட்டுக் கொட்டகை, ஊர் மண்டபம் என்று இடம் கிடைத்த இடமெல்லாம் அடுப்பு மூட்டி, 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேல் பழத்தைப் பதப்படுத்தினார்கள். அதைச் சிரிப்புக்குரிய ஒன்றாக யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்தவள் நான். உள்ளதைக் கெடவிடாமல் எடுத்துவைப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். பனையிலிருந்து நாம் செய்துவைக்கும் ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் அதே அறிவிலிருந்து வந்தவைதான்.

என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. போகாமல் இருந்தால் அது வளரவும் வளராது. கடையில் நாம் பேசும் ஆங்கிலம் விலையும் வானிலையும் மட்டும். ஒன்பது ஆண்டு ‘குட் மார்னிங்’ சொன்ன ஒருவரிடம் ‘உங்கள் அம்மா எப்படிப்பட்டவர்?’ என்று நான் முதன்முதலில் கேட்டது சங்கத்துத் தேநீர் மேசையில்தான். தொடக்கத்தில் பேசவே வேண்டாம், கோப்பை கழுவும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். சமையலறைத் தொட்டியருகே இரண்டு பேர் நின்று துடைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும்.

தொடக்கத்தில் பாடுவது கிறிஸ்தவப் பாட்டு என்கிறார்களே? நாங்கள் சைவர்கள்.

‘ஜெருசலேம்’ என்ற பாட்டு. வில்லியம் பிளேக் எழுதிய கவிதைக்கு ஹியூபர்ட் பாரி 1916இல் இசையமைத்தார். பெண்களின் வாக்குரிமை இயக்கம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. சங்கத்தின் தேசியக் கூட்டத்தில் 1924 முதல் பாடப்படுகிறது. கிறிஸ்தவச் சொற்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் சங்கம் எந்த மதத்தையும் சார்ந்ததில்லை, பாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல கிளைகள் பாடுவதை விட்டுவிட்டன. நான் எழுந்து நிற்பேன், பாடுவேன். வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போன பெண்களின் காலத்துப் பாட்டு என்று தெரிந்த பிறகு எனக்கு அது நெருக்கமாகிவிட்டது. உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் பேசாமல் நில்லுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இலக்கியத்துக்கு அங்கே இடம் உண்டா?

நான் அங்கே நிலைத்ததே அதனால்தான். மாதக் கூட்டத்துக்கு வெளியே கிளைகளில் சிறு குழுக்கள் உண்டு: நடை, பின்னல், நாடகம், வாசிப்பு. எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்காருவோம். நூலகத்தில் ஒரே புத்தகத்தின் பல படிகளைக் குழுவுக்கென்று இரவல் தருகிறார்கள். வாசித்து முடிக்காமல் வந்தாலும் குற்றமில்லை, ஆனால் ஏன் முடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பல நாட்களில் அந்தப் பதில்தான் மிக நல்ல விமரிசனமாக இருக்கும். முன்னாள் பால்பண்ணைக்காரி ஒருவர் ஒருமுறை, ‘இந்த எழுத்தாளருக்கு மாடு கன்று போடுவது எப்படி என்று தெரியவில்லை, அதற்குப் பிறகு எதையும் நான் நம்பவில்லை’ என்றார். பாதிப் பேர் கையில் பின்னல் ஊசி இருக்கும். பேச்சு சூடு பிடித்தால் ஊசிகள் நிற்கும். எனக்கு உடனே ஓலைப்பெட்டி நினைவுக்கு வரும்.

எழுத்தும் உண்டு. 1965இல் இச்சங்கத்தின் பொன்விழாவுக்காகக் கிராமம் கிராமமாகப் பெண்கள் தங்கள் ஊரைப் பற்றி ஏடுகள் தொகுத்தார்கள். எந்த வீட்டில் யார், கடையில் எதற்கு என்ன விலை, என்ன உடை, பஸ் எத்தனை மணிக்கு, எந்த வயலில் என்ன பயிர் என்று கையால் எழுதி, படம் ஒட்டி, துணித் துண்டுகூடத் தைத்து வைத்தார்கள். இன்று அவற்றில் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன, ஆய்வாளர்கள் தேடிப் போய் வாசிக்கிறார்கள். வரலாறு எழுதுகிறோம் என்று நினைக்காமலே அவர்கள் எழுதியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டுப் படங்களைக்கூடத் தொலைத்துவிட்ட நம் ஊர்களை நினைத்தால், எங்கள் சனிக்கிழமைப் பெண்களும் அப்படி ஒரு ஏடு வைத்திருக்கக்கூடாதா என்று நெஞ்சு அடைக்கிறது.

ஒரு பெப்ரவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்த கவிதை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத் தமிழில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது. பிறகு ஆங்கிலத்தில் பொருள் சொன்னேன்: விடுமுறை வந்த மகிழ்ச்சி, கூழ், கொழுக்கட்டை, அதற்குப் பயறு வறுப்பது, தேங்காய் சேர்ப்பது. முடித்ததும் ஒருவர், ‘அப்படியானால் அது சமையல் குறிப்பு!’ என்று கைதட்டினார். அடுத்த மாதம் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு போனேன். நாற்பது கொழுக்கட்டையும் முதல் சுற்றிலேயே தீர்ந்தன.

எவ்வளவு செலவாகும்?

ஆண்டுக் கட்டணம் ஐம்பது பவுண் அளவில். சேரும் முன் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அதற்குச் சில கிளைகளில் ஓரிரு பவுண் கேட்பார்கள்.

கூடிக் கதைப்பதைத் தவிர எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

ஒரு கிளை ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். நாடு முழுவதுமுள்ள கிளைகளில் அது விவாதிக்கப்பட்டு, தேசிய ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக்கு வரும், நிறைவேறினால் சங்கம் முழுவதும் அதற்காக உழைக்கும். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று 1943இல் தீர்மானம் போட்டார்கள். தெருவில் குப்பை போடுவதற்கு எதிராக 1954இல் எடுத்த தீர்மானத்திலிருந்துதான் ‘பிரித்தானியாவைத் தூய்மையாக வைத்திருப்போம்’ என்ற இயக்கம் பிறந்தது. தேனீக்கள் அழிவதைப் பற்றி 2009இல் பேசினார்கள்.

கட்சி அரசியல் மட்டும் கூடாது. 2000ஆம் ஆண்டில் பிரதமர் டோனி பிளேயர் வெம்பிளியில் ஏறத்தாழ 10,000 உறுப்பினர்கள் முன் பேச வந்தார். பேச்சு கட்சிப் பிரச்சாரமாகப் போகிறது என்று உணர்ந்ததும் அந்தப் பெண்கள் மெல்ல ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். பிரதமர் பேச்சைத் தொடரத் திணறினார்.

வெள்ளைக்காரப் பெண்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

எல்லா ஊரும் ஒன்றுபோல் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் முதலில் போய்ப் பார்த்தது பக்கத்து ஊர்க் கிளை ஒன்று. யாரும் முகம் கோணவில்லை, ஆனால் இரண்டு மணி நேரமும் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். ஓராண்டு எங்கும் போகவில்லை. பிறகு எங்கள் கடையில் நாள்தோறும் பத்திரிகை வாங்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், ‘நாளை ஏழேகாலுக்கு வந்து உங்களை அழைத்துப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். சொன்னபடி வந்தார். ஆகவே என் அறிவுரை: முதல் நாள் தனியே போகாதீர்கள். கடைக்கு வருபவர்களில் யார் உறுப்பினர் என்று கேளுங்கள். அவரோடு போங்கள்.

கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

மாதக் கூட்டத்துக்குக் கூடாது. சுற்றுலாவுக்கும் கண்காட்சிக்கும் வரலாம். அந்த இரண்டரை மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கிளையை மூடப் போகிறார்களாம். ஏன்?

பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தலைவி, செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கு ஆள் முன்வருவதில்லை. உறுப்பினர் முப்பது பேர் இருந்தும் மூடிய கிளைகள் உண்டு. வயதானவர்கள் களைத்துவிட்டார்கள், இளையவர்கள் வேலைக்குப் போகிறார்கள். நம் பெண்கள் இங்கே பெரும் உதவி செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்து ஆண்டு கடைக் கணக்கு எழுதிய ஒருத்திக்குச் சங்கத்தின் கணக்கு ஒரு மாலை வேலை. சென்ற ஆண்டு எங்கள் கிளையின் பொருளாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டபோது லான்வைர்புல்லையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பெண்கள் நாமே தனியாக ஒன்று தொடங்கலாமே?

லண்டனில் தொடங்கலாம், அங்கே ஆள் உண்டு, தமிழில் வாசிக்கக் கூடும் பெண்கள் வட்டம் நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் கிராமத்தில் தனித்திருக்கும் ஒருத்தி அது வரும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டும் வேண்டும் எனக்கு.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

சில கிளைகளில் சொந்தக் கோப்பை கொண்டுவரச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சில்லறை, அதிர்ஷ்டச் சீட்டுக்கு. உணவு கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். நம்மைச் சமையலுக்காக மட்டும் அறிந்துகொள்ளும் ஆபத்து உண்டு, அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பொருள் ஏதாவது இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். ‘நூறு மைலுக்கு அப்பால் செய்த ஒரு பொருள்’ என்று ஒரு மாதப் போட்டி வந்தபோது நான் அம்மா இழைத்த ஓலைப்பெட்டியை வைத்தேன். மூடி சற்று நைந்திருந்தது. எண்பத்து நான்கு வயது அம்மா ஒருவர் அதைக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடினார். கண்டுபிடித்ததும், தன் பாட்டியும் வைக்கோலை இப்படித்தான் உள்ளே மடித்துச் செருகுவார் என்று சொல்லி, அந்த இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார்.